தொப்புளை இழு, அம்மிணி!

அம்மிணி, நோம்பிக்கு வந்தவ நோம்பி முடிஞ்சதும் பஸ் ஏறியிருந்தீன்னா எனக்கு இந்தச் சோலியே இல்லை. மறுநாள் வெடியால ஆசாரத்துல ஒரு ரப்பர் பாயை விரிச்சு, மல்லாக்கப் படுத்து, ரெண்டு காலையும் அந்தரத்துல நீட்டி, தலையையும் தோளையும் தூக்கிட்டு, ரெண்டு கையையும் காத்துல படபடன்னு அடிச்சே பாரு, அங்க புடிச்சது வினை. மோர் வாங்க வந்த பக்கத்தூட்டு ஆத்தா அதைப் பாத்துட்டு, "ஐயோ, புள்ளைக்கு வலிப்பு!"ன்னு கூப்பாடு போட்டு, பொட்டிச் சாவிக்கொத்தைக் கொண்டாந்து உன்ற உள்ளங்கையில திணிச்சுது. நீ நிறுத்துனியா? சாவிக்கொத்தையும் சேத்து ஆட்டிட்டு "அறுவத்தேழு, அறுவத்தெட்டு"ன்னு எண்ணிட்டே கெடந்தே. வலிப்பு வந்தவ கணக்குச் சொல்லுவாளான்னு அந்த ஆத்தா இன்னிக்கு வரைக்கும் ஊர் முச்சூடும் கேட்டுட்டுத் திரியுது. நான் என்னத்தைச் சொல்ல? "அது வலிப்பில்லை ஆத்தா, பிலாட்டிஸு. மாசம் ஒம்பதாயிரம்"னேன். "வைத்தியத்துக்கு அவ்வளவு ஆகுதா, பாவம்"னுட்டுப் போயிருச்சு.

ஒம்பதாயிரம். நல்ல பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு நாலு மூட்டை. அதை நான் வாய்விட்டுச் சொல்லலை. நீதான் என்ற மூஞ்சியைப் பாத்தே கண்டுபுடிச்சுட்டே. "இது சும்மா ஃபேஷன் இல்லை அப்புச்சி, முதுகுக்கு நெம்ப நல்லது"ன்னு சண்டைக்கு வந்தே. அப்ப வாயை மூடிட்டேன். ஊருக்குள்ள ஒரு கெழவன் வாயை மூடுனா, காதைத் தொறந்துட்டான்னு அர்த்தம். உன்ற தம்பியை ரெண்டு பொழுது திண்ணையில உக்கார வெச்சு, போனுல இந்தப் பிலாட்டிஸைப் பத்தி இருக்கறதையெல்லாம் படிச்சுச் சொல்லச் சொன்னேன். செலவு, தேன்மிட்டாய் ஒரு பொட்டலம். உன்ற வாத்தியாரம்மா சொல்லித் தராத சங்கதியெல்லாம் இப்ப என்ற மடியில இருக்குது. கேட்டுக்க.

மொதல்ல பேரு. நம்ம மாதா கோயில் உபதேசியார்கிட்ட "பிலாட்டிஸ் தெரியுங்களா"ன்னேன். அவரு திகைச்சுப் போயி, "பிலாத்துங்களா? அவரு கையைக் கழுவிட்டுப் போனவராச்சே"ன்னாரு. "இவரு கையை ஆட்டச் சொன்னவருங்க"ன்னேன். சிரிக்காதே. இந்தப் பயிற்சியைக் கண்டுபுடிச்ச ஜெர்மனிக்காரர் சின்னப் பையனா இருக்கயில தெருப்பசங்க இதே பேரை வெச்சுத்தான் அவரைக் கேலி பண்ணுனாங்கன்னு சொல்றாங்க.

ஜோசப் பிலாட்டிஸ். 1883-ல ஜெர்மனியில மோன்ஷென்கிளாட்பாக்ங்கற ஊர்ல பொறந்தவர். அந்த ஊர்ப் பேரைச் சொல்லி முடிக்கறதே ஒரு மூச்சுப்பயிற்சி. சின்ன வயசுல ஆஸ்துமா, எலும்பு வளையற ரிக்கெட்ஸு, மூட்டுக்காய்ச்சல்னு ஒரு கெரகம் பாக்கியில்லையாம். அப்படிப்பட்ட சோனிதான் ஜிம்னாஸ்டிக்ஸு, குத்துச்சண்டைன்னு தேறி, உடம்பை வரைபடம் போடறவங்களுக்கு முன்னால நின்னு காட்டற அளவுக்கு வந்தாரு. பொறவியிலேயே பயில்வானா இருக்கறவன் சொல்லித் தர்ற பயிற்சியை நான் நம்பமாட்டேன் அம்மிணி. அவனுக்கு ஊறவெச்ச கடலையைத் தின்னுட்டுத் தூங்குனாலும் ஒடம்பு ஏறும். நோஞ்சானா கெடந்து ஏறி வந்தவன் சொன்னா, அதுல எங்கியோ ஒரு வழி இருக்குது. உன்ற பக்கம் ஒரு மார்க்கு போட்டுக்க.

மொத உலகச் சண்டை வந்தப்ப அவரு இங்கிலாந்துல இருந்தாரு. எதிரி நாட்டுக்காரன்னு புடிச்சு உள்ள போட்டுட்டாங்க. மேன் தீவுல நாக்கலோன்னு ஒரு முகாம். இருவதாயிரத்துக்கு மேல ஆளுங்களை அடைச்சு வெச்சிருந்த எடம். அங்க கூட இருந்தவங்களுக்கு இந்த வித்தையைச் சொல்லிக் குடுத்தாருங்கறாங்க. ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஸ்பிரிங்கைக் கோத்து, நோயாளியைப் படுத்த வாக்குலயே இழுக்க வெச்சாரு, இப்ப நீ கிளாசுல ஏறிப் படுக்கற கட்டிலுக்கு அதுதான் முப்பாட்டன்னு ஒரு கதை. 1918 விஷக்காய்ச்சல்ல அவர்கிட்டப் பயிற்சி பண்ணுன ஒருத்தன்கோடச் சாகலைன்னு இன்னொரு கதை. மொதக் கதையை அரை மனசா நம்பறேன். ரெண்டாவதை, நம்மூர் பூசாரி சொல்ற கருப்பராயன் கதையோட சேத்துக் கும்புட்டுட்டு நகர்ந்துக்கறேன். எனக்கு நெசமாப் புடிச்சது வேற. அந்த மனுசன் அடைபட்டுக் கெடந்து காசில்லாம கத்துக்கிட்டதை, நீ காசு கட்டி ஒரு கண்ணாடி ரூம்புக்குள்ள அடைபட்டுக் கத்துக்கறே பாரு, அது.

அந்தக் கண்ணாடி ரூம்பையும் நான் பாத்தவன்தானே. போன மாசம் கண்ணு டாக்டரைப் பாக்கக் கோயமுத்தூர் வந்தப்ப, "வெளிய சோபாவுல உக்காருங்க அப்புச்சி, ஒரு மணி நேரம்தான்"னு என்னைக் கொண்டு போயி வெச்சியே. உள்ள எட்டிப் பாத்தேன். வரிசையா ஆறு கட்டில். கட்டிலுக்குள்ள தண்டவாளம், தண்டவாளத்து மேல ஓடற பலகை, பலகைக்கு அடியில ஸ்பிரிங்கு, தலைமாட்டுல தோல்பட்டை. ஆறு பொம்பளைப் புள்ளைங்க காலைப் பட்டையில மாட்டி மேல தூக்கிட்டுக் கெடக்குதுக. கண்ணாமணி சாட்சியாச் சொல்றேன், எனக்குக் காங்கேயம் சந்தையில மாட்டுக்கு லாடம் அடிக்கற எடந்தான் ஞாபகம் வந்துது. வாத்தியாரம்மா அங்குட்டும் இங்குட்டும் நடந்துட்டு, "தொப்புளை முதுகுத்தண்டுக்கு இழுங்க, இழுங்க"ன்னு சொல்லுது. நம்ம கட்டுத்தரையில மாட்டுக்கு வவுறு முதுகோட ஒட்டியிருந்தா தீனி பத்தலைன்னு ஊர் சிரிக்கும். அங்க அதையே காசு குடுத்து ஒட்ட வெக்கறீங்க.

ஆனா உக்காந்து பாக்கப் பாக்க ஒண்ணு புரிஞ்சுது. அந்தப் பலகையை ஸ்பிரிங்குக்கு எதுக்கத் தள்ளறது பெரிசாத் தெரியலை. தள்ளுன பலகை திரும்பி வர்றப்ப, "டமால்"னு முட்டாம, சத்தமில்லாம, அளவாக் கொண்டாந்து சேக்கறதுக்குத்தான் புள்ளைங்க அத்தனைக்கும் கை காலு நடுங்குது. எனக்குச் சட்டுனு கவலை இறைச்ச காலம் வந்துருச்சு. உனக்குக் கவலைன்னா ஆபீஸ் கவலைதான் தெரியும். நான் சொல்றது கெணத்துல இருந்து மாடு கட்டிச் சால்ல தண்ணி இழுக்கற கவலை. மாடு பள்ளத்துல எறங்கி இழுத்துட்டுப் போறதை எந்தப் பொடிப்பயலும் ஓட்டிருவான். அதே மாட்டைப் பின்னுக்கு நடக்க வெச்சு மேட்டுக்கு ஏத்தி, வடம் தொய்யாம, சால் கெணத்துச் செவுத்துல மோதாம தண்ணிக்குள்ள எறக்கறான் பாரு, அவனுக்குத்தான் கூலி. இழுக்கறது பலம். விடறது வித்தை. அந்த ஜெர்மனிக்காரரும் தன்ற வித்தைக்குப் பிலாட்டிஸ்னா பேரு வெச்சாரு? "கன்ட்ராலஜி"ன்னு வெச்சாரு. அடக்கி ஆளற கலை. நல்ல பேருதான், செத்த பொறவு ஊரு அவரு பேரையே கலைக்கு வெச்சுருச்சு.

இங்க ஒரு நிமிசம். இப்ப அப்புச்சி என்ன சொல்லுவான்னு நீ கணக்குப் போட்டு வெச்சிருப்பே. "எங்க காலத்துல அம்மி அரைச்சோம், ஆட்டுக்கல்லு ஆட்டுனோம், ஒலக்கை போட்டோம், உங்க அமுச்சிக்கு எந்தப் பிலாட்டிஸ் தேவைப்பட்டுது"ன்னு ஆரம்பிப்பேன்னுதானே? கலியாண ஊட்டுல நாலு பெருசு ஒட்டுக்கா உக்காந்தா இந்தப் பாட்டைத்தான் பாடுவானுக. பாடறவன் எவனும் ஒரு நாளு ஆட்டுக்கல்லு ஆட்டுனவன் இல்லை, அதைக் கவனிச்சியா?

உங்க அமுச்சி ஆட்டுனா. முப்பது வருசம், சோத்தாங்கையிலயே, ஒரே பக்கமா. அம்பது தாண்டறதுக்குள்ள அவ தோளு ஒரு பக்கம் எறங்கிப் போச்சு. நாத்து நட்டு, களை எடுத்து, குனிஞ்ச முதுகு நிமிரலை. கடைசி வருசத்துல வானத்தைப் பாக்கோணும்னா கட்டில்ல மல்லாக்கப் படுத்தாத்தான் பாத்தா. வேலைங்கறது வேற, பயிற்சிங்கறது வேற அம்மிணி. வேலை உன்னை அதுக்குத் தேவையான பக்கமா வளைக்கும்; மறுபக்கம் நிமித்தி உடறது அதோட பொறுப்பில்லை. உன்ற கம்ப்யூட்டரும் அப்படித்தான், அவ நாத்தங்காலும் அப்படித்தான். அவளை முன்னால வளைச்சுது சேறு, உன்னை முன்னால வளைக்குது நாற்காலி. அவளுக்கு ஆராவது தெனம் கால்மணி நேரம் படுக்க வெச்சு, மறுபக்கம் நிமித்தி உட்டிருந்தா... போச்சாது, உடு.

சரி, அமெரிக்காக் கதைக்கு வர்றேன். 1926-ல பிலாட்டிஸ் நியூயார்க்குக்குக் கப்பலேறுனாரு. எட்டாவது அவென்யூவுல எடம் புடிச்சாரு. சுத்துப்பட்டெல்லாம் ஆட்டக்காரங்க நடமாடற வட்டாரம். ஜார்ஜ் பாலன்சின், மார்த்தா கிரஹாம்னு அந்த ஊர் ஆட்டக்கலையில பெரிய தலைங்க. அவங்க கிட்ட இருந்த ஆட்டக்காரங்க காலு, இடுப்புன்னு அடிபட்டா இவர்கிட்ட வருவாங்க. நம்ம கம்பத்தாட்டக்காரனுக்குச் சுளுக்குனா எண்ணெய் போட்டு நீவ ஒருத்தர் இருக்கறாரில்ல, அந்த மாதிரி அந்த ஊருக்கு இவரு. இப்ப இன்ஸ்டாகிராமுல கொடி மாதிரி நிக்கற புள்ளையைக் காட்டி "பிலாட்டிஸ் உடம்பு"ங்கறாங்களே, அதோட வேர் அங்க இருக்குது. ஆட்டக்காரங்க ஒல்லியா வந்து பிலாட்டிஸ் பண்ணுனாங்க. பாத்தவங்க, பிலாட்டிஸ் பண்ணித்தான் ஒல்லியானாங்கன்னு எழுதிட்டாங்க. தவளை கத்துனதாலதான் மழை வந்துதுங்கற கணக்கு.

"தசை நீளமாகும்"னு உன்ற பிலாட்டிஸ் கடைச் சுவத்துல எழுதியிருக்குதே, அதையும் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன். ஏ அம்மிணி, தசைங்கறது ரெண்டு பக்கமும் எலும்புல கட்டுன கயிறு. கயித்தை நீளமாக்கோணும்னா முளைக்குச்சியைப் புடுங்கி அக்கட்ட நடோணும். உன்ற எலும்பைப் புடுங்கி நட அந்த வாத்தியாரம்மாவுக்கு லைசென்ஸ் இருக்குதா? விறைச்ச கயிறு எளகும், துவண்ட கயிறு முறுக்கேறும். கூன் போட்டு நிக்கறவ நிமிந்து நின்னா ஒரு விரக்கடை ஒசரமாத் தெரிவா. அதுவே பெரிய லாபம். அதுக்கு மேல பொய் எதுக்கு?

ஒடம்பு எளைக்கும்ங்கறதும் அரைக்கால் உண்மைதான். படுத்துட்டுப் பண்றதுல எவ்வளவு கொழுப்புக் கரையும்? நெஞ்சு அடிச்சுக்கற வேலை அதுல கம்மி. உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்ன கணக்கு, பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150-லிருந்து 300 நிமிசம் மூச்சு வாங்கற நடையோ அதுக்குச் சமமானதோ வேணும். அதுபோக ரெண்டு நாளாவது தசைக்கு வேலை வேணும். பிலாட்டிஸு அந்த ரெண்டாவது வரிக்குப் பக்கத்துல ஒக்காரும். மொத வரிக்கு நீ ரேஸ்கோர்ஸ் ரோட்டைச் சுத்தித்தான் ஆகோணும். அதுக்கு மாசக் கட்டணம் கெடையாது. அதனாலதான் உனக்கு அது மேல மரியாதை வரலை.

மரியாதைன்னதும் கோர்ட்டுக் கதை ஞாபகம் வருது. அமெரிக்காவுல ஒரு கம்பெனி "பிலாட்டிஸ்ங்கற பேரு எங்க முத்திரை, வேற ஆரும் போடப்படாது"ன்னு வழக்குப் போட்டுது. 2000-ல நியூயார்க் கோர்ட்டு, "அது யோகா, கராத்தே மாதிரி பொதுப்பேரு, ஒருத்தன் சொத்தில்லை"ன்னு தள்ளிருச்சு. நல்ல தீர்ப்புதான். ஆனா அன்னிக்குத் தொறந்துச்சு மடை. நேத்து வரைக்கும் வேற எதையோ ஆட வெச்சவனும் போர்டை மாத்தி பிலாட்டிஸ்னு எழுதலாம். ஆரும் கேக்க முடியாது. அந்த ஊர்ல முழுசாக் கத்துக்கிட்டு வாத்தியார் ஆகோணும்னா 450 மணி நேரத்துக்கு மேல படிப்பும் பழக்கமுமா ஆகுதாம். இங்க சனி ஞாயிறு ரெண்டு நாள்ல சர்ட்டிபிகேட்டு வாங்கிட்டு வந்தவங்களும் அதே போர்டுதான் மாட்டியிருக்கறாங்க. நீ பணம் கட்டறப்ப சுவத்துப் பெயிண்டைப் பாத்தியே, வாத்தியாரம்மா எங்க, எத்தனை மணி நேரம் படிச்சுதுன்னு கேட்டியா? மாடு வாங்கறவன் பல்லைப் புடிச்சுப் பாக்கறதுக்கு வெக்கப்படறதில்லை.

சரி, இது வந்து போற மோகமா, நெலைக்கற சரக்கா? உங்கப்பா வாங்குன ட்ரெட்மில்லுதான் எனக்கு அளவுகோலு. வந்த மொத மாசம் ஊடு அதுர ஓடுனாரு. ரெண்டாவது மாசம் நடந்தாரு. மூணாவது மாசம் அது மேல வேட்டி காஞ்சுது. இப்ப இங்க தோட்டத்துக்கு வந்து சேந்து, அதோட கைப்பிடியில வெள்ளாட்டுக் குட்டியைக் கட்டியிருக்கறேன். அது ஒண்ணுதான் அது மேல தெனமும் ஏறி எறங்குது. அப்பறம் டிவியில பாத்து உங்கம்மா வாங்குன சோனா பெல்ட்டு. வேர்வை வந்துது, வவுறு போகலை. 1982-ல ஜேன் ஃபோண்டான்னு ஒரு சினிமாக்காரி வீடியோ கேசட்டு போட்டு அமெரிக்காவையே ஊட்டுக்குள்ள குதிக்க வெச்சுதாம். இப்பக் கேசட்டே இல்லை. அந்த வரிசையில இதை நிறுத்தலாம்னுதான் நான் மொதல்ல நெனைச்சேன். நிக்கமாட்டேங்குது. நூறு வருசத்துக்குப் பக்கத்துல வயசாகுது. கண்டுபுடிச்ச ஆளு சுருட்டுப் புடிச்சுட்டே 83 வயசு இருந்து 1967-ல போயிட்டாரு. பனி கொட்டயில ஜட்டியோட நிக்கற அவரு போட்டோவை உன்ற தம்பி காட்டுனான், எனக்கே வெக்கமாப் போச்சு.

அதனால என்ற தீர்ப்பு ரெண்டாப் பிரியுது. பயிற்சி நெலைச்சது. கடை மோகம். அந்தக் கண்ணாடி ரூம்பு, அதுக்கேத்த சட்டை, வழுக்காத புள்ளி வெச்ச சாக்ஸு, முடிஞ்சதும் பச்சைத் தண்ணி கையில புடிச்சுட்டு எடுக்கற போட்டோ, இதெல்லாம் நாலு வருசத்துல வேற பேருக்கு மாறிரும். மல்லாக்கப் படுத்து மூச்சுக்கு அஞ்சு வாட்டின்னு கையை ஆட்டி நூறு எண்றது மாறாது.

ஆராய்ச்சிக்காரங்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் பஞ்சாயத்துப் பண்ணியிருக்கறாங்க. காக்ரேன்னு ஒரு அமைப்பு. உலகத்துல நடந்த வைத்தியச் சோதனைகளையெல்லாம் கூட்டி வெச்சுச் சலிக்கறது அவங்க வேலை. 2015-ல முதுகுவலிக்குப் பிலாட்டிஸ் எப்படின்னு சலிச்சாங்க. பத்து சோதனை, 510 ஆளுங்க. ஒண்ணும் பண்ணாம சும்மா கெடக்கறதுக்கு இது தேவலைங்கறாங்க, வலியும் கொறையுது, வேலையும் ஓடுது. அதையும் கெட்டியான சாட்சின்னு சொல்லலை, ஓரளவுக்குன்னுதான் சொல்றாங்க. மத்த உடற்பயிற்சியை விட இது ஒசத்தியான்னு கேட்டா, அப்படிச் சொல்ல ஆதாரம் போதாதுங்கறாங்க. புரியுதா? சும்மா கெடக்கறவளுக்கு இது அமிர்தம். ஏற்கெனவே வேற எதையாவது ஒழுங்காப் பண்றவளுக்கு இது இன்னொரு வண்டி, அதே ஊருக்குத்தான் போகுது.

ஆஸ்திரேலியாக் கவர்மெண்ட்டு கதை இன்னும் தமாசு. 2019 ஏப்ரல்ல, சாட்சி பத்தலைன்னு சொல்லி, தனியார் இன்சூரன்ஸுல சலுகையோட தர்ற பட்டியல்ல இருந்து பதினாறு வகையைத் தூக்குனாங்க. பிலாட்டிஸும் அதுல ஒண்ணு, நம்ம யோகாவும் ஒண்ணு. திரும்ப ஒரு வாட்டி சலிச்சுட்டு, 2025 ஜூலையில இருந்து ஏழு வகையை உள்ள வர உட்டாங்க. அதுல இந்த ரெண்டும் இருக்குது. தள்ளி வெச்ச சம்பந்தியை ஆறு வருசம் கழிச்சுப் பந்தியில உக்கார வெச்ச மாதிரி. சாப்பாடு என்னமோ அதேதான்.

இப்ப உன்கிட்டச் சொல்லாத ஒண்ணைச் சொல்றேன். உங்கம்மாகிட்டப் போட்டுக் குடுக்காதே.

ஆறு வருசத்துக்கு முன்னால தேங்காய் மூட்டை தூக்கயில எனக்கு இடுப்புப் புடிச்சுது பாரு. கவர்மெண்ட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிசியோதெரபின்னு ஒரு ரூம்பு, அதுல உன்ற வயசுல ஒரு புள்ளை. என்னை மல்லாக்கப் படுக்க வெச்சு, முழங்காலை மடக்கி, பாதத்தைத் தரையில ஊணி, இடுப்பை மெதுவாத் தூக்கச் சொல்லுச்சு. முதுகெலும்பை ஒவ்வொரு கண்ணியா எறக்கோணும்னுச்சு. அப்பறம் நாலு கால்ல நிக்க வெச்சு, பூனை சோம்பல் முறிக்கற மாதிரி முதுகை வளைன்னுச்சு. வவுத்தை உள்ள இறுக்கிப் புடிச்சுட்டு மூச்சு விடச் சொல்லுச்சு. சீட்டுக்குக் காசு இல்லை. நீ ஆசாரத்துல கையாட்டி முடிச்சுட்டு, அடுத்ததா இடுப்பைத் தூக்கிப் பாலம் கட்டுனே பாரு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அதேதான் அம்மிணி! அதே பாலம். அங்க சீட்டு ஓசி, இங்க நாலு மூட்டை புண்ணாக்கு.

அப்ப நான் ஜெயிச்சுட்டேன்னுதானே நெனைக்கறே? இல்லை. அந்தப் புள்ளை சொன்னபடி நாப்பது நாள் பண்ணுனேன். வலி போச்சு. வலி போனதும் பயிற்சியும் போச்சு. ஆரு வந்து கேக்கறாங்க? மறுபடியும் புடிச்சுது. மறுபடியும் போனேன், அந்தப் புள்ளை மொறைச்சுது, இருவது நாள் பண்ணுனேன், உட்டேன். ஆறு வருசத்துல இப்படி எத்தனை வாட்டின்னு எண்ணுனா எனக்கே கேவலம். நீ எட்டு மாசமா வாரத்துல மூணு நாள் உடாமப் போறே. எப்படின்னு யோசிச்சேன். உனக்கு என்னை விட மன உறுதி எச்சுன்னு நான் ஒத்துக்கமாட்டேன். நீ காசு கட்டிட்டே. போகாட்டி ஒம்பதாயிரம் தண்டம்ங்கற வவுத்தெரிச்சல் உன்னை வெடிய அஞ்சரைக்கு எழுப்புது. போதாததுக்கு, "ஏன் நேத்து வரலை"ன்னு கேக்க ஒரு வாத்தியாரம்மா. இடுப்புக் கோணுனா ஒரு விரல்ல தட்டி நேராக்கறதுக்கு ரெண்டு கண்ணு. நீ வாங்கறது ஸ்பிரிங்குக் கட்டிலை இல்லை அம்மிணி, அந்த ரெண்டு கண்ணை. வெலை கொஞ்சம் எச்சு. ஆனா ஓசியில கெடைச்சதை நான் என்ன பண்ணுனேன்னு பாத்துட்டீல்ல?

அதுக்கோசரம், நான் நிறுத்தச் சொல்லலை. இன்னும் ஆறு மாசம் போ. அந்த ஆறு மாசத்துல கட்டில் இல்லாமப் பண்றதைக் கத்துக்க. 1945-ல அந்த மனுசன் போட்ட புஸ்தகத்துல 34 பயிற்சி இருக்குது, எல்லாமே தரையில பாய் போட்டுப் பண்றதுதான். ஸ்பிரிங்கு இல்லை, பட்டை இல்லை. உன்ற கலியாணத்துக்குன்னு அமுச்சி வாங்கி வெச்ச பவானி ஜமுக்காளம் பொட்டிக்குள்ள மடிச்ச மேனிக்குக் கெடக்குது; அதை நாலா மடிச்சுப் போட்டாப் போதும், இல்லைன்னா பந்து மாதிரி உருள்றப்ப முதுகெலும்பு தரையில இடிக்கும். சித்தெ வெலை கம்மியான கடைக்கு அப்பறமா மாறிக்க, மாசம் ஒருவாட்டி அந்தக் கண்ணு உன்னைப் பாத்தாப் போதும். மிச்சமாகற காசை உங்கம்மாகிட்டச் சொல்லாம வெச்சுக்க.

நடையை உடாதே. எதையாவது கனமானதைத் தூக்கு; எலும்புக்கு அது வேணும், பொம்பளைப் புள்ளைக்கு நாப்பது தாண்டுனா இன்னும் எச்சா வேணும். எலும்பு தேஞ்சவங்களை மட்டும் முன்னால வளைச்சு உருட்டப்படாது, உங்க பெரியம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியே, மொதல்ல டாக்டரைக் கேட்டுட்டுக் கூட்டிட்டுப் போ. "முதுகு வலிச்சாலும் உடாமப் பண்ணுங்க, பழகிரும்"னு எந்த வாத்தியார் சொன்னாலும் பாயைச் சுருட்டிட்டு வந்துரு.

அப்பறம் ஒரு சேதி. பக்கத்தூட்டு ஆத்தா நேத்துப் பொழுதோட வந்துது. மோருக்கு இல்லை. "அந்த வலிப்பை எனக்கும் கொஞ்சம் சொல்லித் தரச் சொல்லுங்க, வெடியால எந்திரிச்சா இடுப்பு நிமிரமாட்டேங்குது"ங்குது. திண்ணையில எடம் இருக்குது. நீ பொங்கலுக்கு நாலு நாள் முன்கூட்டியே வா. அந்த ஆத்தாவுக்குப் பாலம் கட்டறதை மட்டும் சொல்லிக் குடுத்தாப் போதும், உருட்டல் வேண்டாம். சாவிக்கொத்தை நான் ஒளிச்சு வெச்சர்றேன். வர்றப்ப அந்தப் புள்ளி வெச்ச சாக்ஸு ரெண்டு ஜோடி வாங்கிட்டு வா. ஆத்தாவுக்கு ஆறாம் நம்பர், எனக்கு ஒம்பது.